ஏழாம் திகதிச் சாப்பாடு

பரந்தன்,
27.04.2025

அன்புள்ள பிரியந்தினிக்கு,

இன்று காலை எழும்பியதும் அடுப்பு மூட்டவில்லை. அலுமாரியின் மேல்தட்டில் இருந்த ஆறு வைன் கிளாசுகளையும் இறக்கிக் கழுவினேன். பத்து வருடத்துக்கு முன் நீ ஒருவரிடம் கொடுத்தனுப்பிய அதே கிளாசுகள். ஒருநாளும் பாவித்ததில்லை. கிணற்றடிக்குப் போன இவர் நின்று பார்த்தார்.

"விடியக் காலமை ஆருக்கப்பா பார்ட்டி?"

"பிரியா வாறாள்."

"அதுக்கு இன்னும் ஒண்டரை மாதம் கிடக்கெல்லே!"

"கிடக்கட்டும். தூசி இண்டைக்கே போகட்டும்."

இரவு உன் மின்னஞ்சலை மூன்று முறை வாசித்தேன். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு வருகிறாய். உன் தயாபரனுக்கு லீவு கிடைக்காதது கவலைதான். நீ வேலை செய்யும் திராட்சைத் தோட்டத்தின் சொந்தக்காரர் ரெனேயும் மனைவி மார்ட்டீனும் உன்னோடு வருவது சந்தோசம். "அவர்களை எங்கே கூட்டிப்போனால் எங்கள் இடத்துச் சாப்பாடும் எங்கள் இடத்து வைனும் கிடைக்கும்? நீதான் சொல்ல வேண்டும்" என்று கேட்டிருந்தாய்.

கேட்டபடியால் சொல்கிறேன். கிளிநொச்சியில் குளிரூட்டிய ஹோட்டல் ஒன்று இருக்கிறது. அங்கே பிரைட் ரைஸ்தான் தருவார்கள். அதை அவர்கள் பிரான்சிலேயே தின்னலாம். புளியங்குளத்தில் பஸ்காரர் சாப்பிடும் கடையில் குழம்பு நல்லம், ஆனால் கை கழுவவே வரிசையில் நிற்க வேண்டும். எங்களுடைய வைன் என்றால் கள்ளுத்தான். அது தவறணையில் கிடைக்கும். நீயும் மார்ட்டீனும் அங்கே போய் வாங்கில் இருந்தால் மறுநாள் பரந்தன் முழுக்க அதே கதையாகத்தான் இருக்கும்.

ஆகவே எங்கே என்று யோசிக்கத் தேவையில்லை. என் வீடு இருக்கிறது. இவரின் சிநேகிதன் பாலன் கள்ளிறக்கும் சங்கத்தில் சொல்லி, காலை இறக்கின உடன்கள்ளு எடுத்துத் தருவார். மத்தியானச் சாப்பாட்டோடு குடித்துவிட வேண்டும், பின்னேரம் புளித்துப்போகும். நான் நண்டுக் குழம்பும் மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறும் வைக்கிறேன். மாமரத்துக்குக் கீழே மேசை போடலாம்.

போனில் கதைத்தால் நான் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றுதான் சொல்வேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். திகதியைச் சொல்லு.

என்றும் உன்,
ஜெகா


கொல்மார்,
04.05.2025

என் அன்பு ஜெகா,

உன் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். தவறணையில் மார்ட்டீனையும் என்னையும் நினைத்துப் பார்த்தேன். அவள் வாங்கில் மட்டுமில்லை, மேசையிலும் ஏறி இருப்பாள்.

இப்போது நான் சொல்வதைக் கேட்டுக் கோபிக்காதே. விமலேஸ்வரி முள்ளியவளையில் தன் வீட்டு வளவில் காசுக்குச் சாப்பாடு கொடுக்கிறாளாமே? எங்கள் விமலாவா என்று என்னால் நம்பவே முடியவில்லை. கம்பஸ் காலத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தபோது அவளுக்குத் தேத்தண்ணி கூட ஒழுங்காக ஊற்றத் தெரியாது! யாரோ எடுத்துப் போட்ட வீடியோவை மார்ட்டீன் பார்த்துவிட்டாள். மரங்களுக்குக் கீழே பாய், மண்சட்டி, நந்திக்கடல் இறால், பனையோலைப் பிளாவில் கள்ளு. "இங்கேதான், இங்கேதான்" என்று தினமும் சொல்கிறாள்.

உன் வீட்டில் என்றால் நீ இருக்க மாட்டாய், ஜெகா. உன்னை எனக்குத் தெரியாதா? பரிமாறிக்கொண்டே நிற்பாய். கடைசியில் குசினிக்குள் போய் அடிச்சட்டியைச் சுரண்டித் தனியாகத் தின்பாய். எனக்கு நீ பக்கத்தில் இருந்து சாப்பிட வேண்டும். அதனால் நீயும் விமலா வீட்டுக்கு வா. நான்கு பேராகச் சாப்பிடுவோம்.

யூன் 7, சனிக்கிழமை எங்களுக்கு வசதி. வீடியோவில் இருக்கும் நம்பர் வேலை செய்யவில்லை. நீதான் அவளோடு கதைத்து ஒழுங்கு பண்ணித் தர வேண்டும். மீன், இறால், நண்டு, கள்ளு, ஒன்றும் குறையக்கூடாது என்று சொல்லு. ரெனே பெரிய நாக்குக்காரர்.

உன்னவர் குகதாசன் அண்ணையைக் கேட்டதாகச் சொல்லு.

முத்தங்களுடன்,
பிரியா


பரந்தன்,
18.05.2025

அன்புள்ள பிரியா,

கோபம் ஒன்றுமில்லை.

நேற்று பஸ் ஏறி முள்ளியவளைக்குப் போனேன். புதுக்குடியிருப்பு வரை நின்றுகொண்டுதான் போனேன். விமலேஸ்வரியின் படலையில் இப்போது மூன்று மொழியில் போர்டு தொங்குகிறது. பிரெஞ்சு மட்டும்தான் இல்லை, நீ வந்தால் அதையும் எழுதுவிப்பாள். மண்சட்டிகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். எல்லாம் புதுச்சட்டி. சமைப்பது அலுமினியத்தில்தான், மண்சட்டி படத்துக்கு. குசினிக்குள் நான் என் கண்ணால் கண்டேன்.

"என்னடி ஜெகா, வழி தப்பி வந்திட்டியோ?"

"வழி தப்பேல்லை. பிரியா அனுப்பினவள்."

"அவள் சொன்னாத்தான் வருவியோ? பரந்தன் எங்கை, முள்ளியவளை எங்கை! ஆறு வருசமாய் நான் இஞ்சைதான் கிடக்கிறன்."

கட்டியணைத்தாள். அவள் மேலில் பொரித்த மிளகாய் வாசம். முன்பைவிட மெலிந்திருக்கிறாள், அழகாகவும் இருக்கிறாள். புருசன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். உன்னைப்பற்றி அரை மணித்தியாலம் கேட்டாள். உனக்குக் கத்தரிக்காய்ப் பால்கறியில் கறிவேப்பிலை பிடிக்காது, எடுத்து ஓரமாக வைப்பாய் என்றெல்லாம் நினைவு வைத்திருக்கிறாள். எனக்கு அது மறந்துபோயிருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

7ஆம் திகதி பகல் பன்னிரண்டு மணிக்கு வரட்டாம். ஒழுங்கு செய்தாயிற்று.

ஜெகதீஸ்வரி


கொல்மார்,
22.06.2025

அன்பு ஜெகா,

உனக்குக் காய்ச்சல் மாறிவிட்டதா? இதைக் கேட்கத்தான் எழுத இருந்தேன். ஆனால் அதை மட்டும் கேட்டு முடித்தால் நான் பொய்க்காரியாகிவிடுவேன்.

7ஆம் திகதி காலை வாடகை வானில் வந்துகொண்டிருக்கும்போது உன் செய்தி வந்தது. "காய்ச்சல், நான் வரவில்லை, நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள்" என்று. மனம் சோர்ந்துதான் போனேன். விமலா வீட்டுக்குப் போனால் வளவில் பாய் இல்லை, அடுப்பில் மீன் இல்லை. முற்றம் மெழுகி, மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. விமலா தோய்ந்த தலையோடு ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகுதான் கேட்டாள்.

"ஜெகா சொல்லேல்லையோடி? திங்கள் வற்றாப்பளை அம்மன் பொங்கல். கோயிலாலை வீடு வீடாய் வந்து பாக்குத் தெண்டிப் பொங்கல் நாள் சொன்னாப் பிறகு இஞ்சை ஒரு வீட்டிலையும் மீன் மச்சம் இல்லை, கள்ளும் இல்லை. ஒரு கிழமை முந்தி வரச் சொன்னனான். வர ஏலாட்டில் மரக்கறிதான் எண்டும் சொன்னனான்."

என் முகத்தைப் பார்த்ததும் அவளே கதையை மாற்றினாள். "மறந்திருப்பாள். பள்ளிக்கூட வேலை, பாவம்."

வடமராட்சியில் பிறந்த எனக்கு அந்தப் பொங்கல் தெரியும். உங்கள் பக்கத்தில் இவ்வளவு கடுமையாக இருப்பது தெரியாது. ரெனேக்கு எப்படிச் சொல்வது என்று நின்றேன். அவரோ இலையில் வைத்ததை எல்லாம் தின்றார். பயற்றங்காய், கத்தரிக்காய்ப் பால்கறி, மாங்காய்ச் சம்பல், மோர். வைன் எங்கே என்றார். விமலா இளநீரை வெட்டிக் கொடுத்தாள். "இது எந்த வருடத்தினுடையது?" என்று கேட்டு அவளைச் சிரிக்க வைத்தார். மார்ட்டீனுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம். அது போகட்டும்.

ஜெகா, ஒன்று சொல்கிறேன். அன்று பின்னேரம் அவர்கள் இருவரையும் சாரதியோடு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டு, நான் பரந்தன் சந்தியில் இறங்குவதாக இருந்தது. இரண்டு இரவு உன்னோடு. மாற்றுடுப்பைத் தனிப் பையில் வைத்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ வீட்டுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கிவிடுவாய். விருந்தாளிகளைக் கூட்டிப்போகும் இடத்தைத்தான் உன்னிடம் கேட்டேன். நான் போகும் இடத்தை ஏன் கேட்க வேண்டும்?

காய்ச்சல்காரி வீட்டில் போய் இறங்கினால் நீ எழும்பிச் சமைப்பாய் என்று பயந்தேன். மற்றது, விமலா சொன்னதும் மனதில் கிடந்தது. சந்தியில் வானை மெதுவாக்கச் சொன்னேன். உன் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையைப் பார்த்தேன். பிறகு போகச் சொல்லிவிட்டேன். ஆனையிறவு தாண்டும்வரை மார்ட்டீன் என் கையைப் பிடித்திருந்தாள்.

நீ மறந்துபோனாயா? மறந்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. நம்புகிறேன்.

பிரியா


பரந்தன்,
05.07.2025

பிரியா,

நான் மறக்கவில்லை.

இந்த வரியை எழுதப் பதின்மூன்று நாள் எடுத்தது. இனி மிச்சத்தை வேகமாக எழுதிவிடுகிறேன்.

விமலா எனக்குத் தெளிவாகச் சொன்னாள். இரண்டு தரம் சொன்னாள், படலைவரை வந்தும் சொன்னாள். நான் ஓம் ஓம் என்றேன். பஸ்ஸில் ஏறும்போது உனக்கு எழுதத்தான் நினைத்திருந்தேன். புதுக்குடியிருப்பு வருவதற்குள் நினைப்பு மாறிவிட்டது. அவள் வீட்டில் ஒன்றும் இல்லை என்றால் நீ என்ன செய்வாய்? போன் எடுப்பாய். "ஜெகா, இவையைக் கூட்டிக்கொண்டு எங்கை போறது?" என்று கேட்பாய். நான் "இஞ்சை வாங்கோ" என்பேன். பரந்தனில் எங்களுக்கு அந்த விரதம் இல்லை. வீட்டில் எல்லாம் தயாராக இருக்கும். இவ்வளவுதான் என் திட்டம். ஒரு ஆசிரியை போட்ட திட்டம்.

காய்ச்சல் பொய். விமலா வீட்டில், அவள் முன்னால், உன் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அன்று காலை ஐந்து மணிக்கே சந்தைக்குப் போய்ப் பன்னிரண்டு நண்டு வாங்கினேன். பாலன் இரண்டு போத்தல் உடன்கள்ளு கொண்டுவந்து வைத்தார். நண்டு உடைத்துக்கொண்டிருக்கும்போது இவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"காய்ச்சல் எண்டு ஆருக்கோ போனிலை அடிச்சுக்கொண்டிருந்தனி. நண்டுக்கோ காய்ச்சல்?"

நான் அடுத்த நண்டை எடுத்து உடைத்தேன். பன்னிரண்டரைக்குப் போனைக் கையில் எடுத்தேன். இரண்டு மணிக்கு சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். மூன்று மணிக்குக் கள்ளு போத்தலின் வாயால் நுரை தள்ளியது. ஐந்து மணிக்கு இவரும் பாலனும் மாமரத்துக்குக் கீழே இருந்து அந்தப் புளித்த கள்ளோடு நண்டைத் தின்றார்கள். "உம்மடை சிநேகிதிக்குக் குடுத்து வைக்கேல்லை" என்றார் பாலன். அந்த நேரம்தான் நீ சந்தியில் வானை மெதுவாக்கியிருக்கிறாய். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தால் ஏழு நிமிடம். உன் கடிதம் வந்த பிறகு ஒருநாள் மணிக்கூட்டைப் பார்த்து நடந்து பார்த்தேன்.

நீ விமலாவைத் தெரிந்தெடுத்தாய் என்றுதான் எனக்கு எரிந்தது. கம்பஸ் அறையில் உங்கள் இரண்டு கட்டிலும் யன்னல் பக்கம், என்னுடையது கதவோரம். நீங்கள் இரவில் குசுகுசுத்துச் சிரிப்பீர்கள். "என்னடி?" என்று கேட்டால் "ஒண்டுமில்லை, படு" என்பீர்கள். நாற்பத்தைந்து வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று பஸ்ஸில் என்னோடு வந்தது அந்த "ஒண்டுமில்லை, படு"தான்.

நேற்று விமலாவிடம் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெண்டிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியுமடி. சனிக்கிழமை காய்ச்சல்காரி, திங்கள் வற்றாப்பளையிலை பாற்செம்போடை நிண்டவள். ஊரே கண்டது."

"பேந்து ஏன் கேக்கேல்லை?"

"கேட்டா நீ பொய் சொல்லுவாய். கோயில் வீதியிலை உன்னைப் பொய் சொல்ல வைக்க எனக்கு விருப்பமில்லை." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "எரிச்சல் ஆரிலை? என்னிலையோ, அவளிலையோ?"

"ரெண்டு பேரிலையும்."

"அப்ப சரி," என்றாள். "ஒராளிலை மட்டும் எண்டால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும். இந்தா, மிச்சத்தை நறுக்கு."

நறுக்கினேன். அவள் நறுக்குவது ஒரே அளவாக இருந்தது, என்னுடையது இல்லை. அதற்கும் எரிந்தது, பிரியா. இது மாறிவிடும் என்று உனக்கு நான் எழுத மாட்டேன். இப்போதுகூட அவளுடைய பால்கறி உண்மையில் ருசியாக இருந்ததா என்று உன்னிடம் கேட்க மனம் துடிக்கிறது. கேட்டுவிட்டேன்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ மூன்று முறை என்னைக் கொல்மாருக்குக் கூப்பிட்டாய். பாடசாலையில் லீவு இல்லை என்றேன், நெல்லு அறுவடை என்றேன், இவருக்கு முழங்கால் என்றேன். உன் வீட்டைப் பார்க்க எனக்கு விருப்பம் இருக்கவில்லை. உன் யன்னலையும், உன் புதுச் சிநேகிதிகளையும், நான் இல்லாமலே நீ சந்தோசமாக இருக்கும் மேசையையும் பார்க்கப் பயம். எப்போதும் நீ என்னிடம் வர வேண்டும், நான் சமைத்து வைத்துக் காத்திருக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். அப்படி இருந்தால் குறை எப்போதும் வராதவருடையதாகவே இருக்கும்.

மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன். எழுதியவை எல்லாம் பரீட்சைக் கட்டுரை போல இருந்தன, அழித்துவிட்டேன்.

புதன்கிழமை பாடசாலைக்கு லீவு போட்டிருக்கிறேன். காரணம் கேட்ட அதிபரிடம் சொந்த வேலை என்று மட்டும் சொன்னேன். காலை பஸ்ஸில் வவுனியாவுக்குப் போய்க் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பம் கொடுக்கப் போகிறேன். படம் எடுத்துவிட்டேன், படத்தில் நல்ல கோபக்காரி மாதிரி இருக்கிறேன். விசா தருவார்களோ தெரியாது. தந்தால் மார்கழி விடுமுறையில் வருவேன். இரண்டு இரவு. நான் சமைக்க மாட்டேன். நீ எங்கே கூட்டிப்போகிறாயோ அங்கே வருகிறேன். உன் கோபம் அதற்குள் ஆறாவிட்டாலும் வந்து உன் கதவைத் தட்டுவேன். திறப்பது உன் விருப்பம்.

இவருக்கு இன்னும் சொல்லவில்லை. விமலாவுக்கும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தையும் புதன் பின்னேரம், விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்துதான் உனக்கு அனுப்புவேன். அதுவரை இது எனக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும்.

உன்,
ஜெகா