கட்டையைப் பின்னால் நட்டுவிட்டார்கள், மச்சான்

அன்பு மச்சான் சிவா,

நீ இருந்திருந்தால் இன்று அலுவலகத்தில் ஒரு மேசையாவது கவிழ்ந்திருக்கும். எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. அலுவலகமுள்ள சென்ட் லோரன்டிலிருந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்து உனக்கு எழுதுகிறேன்.

நாம் ஆண்டுக்கு இருமுறை அளந்த வளைகுடாக் கரையைப் பற்றித்தான். மணல்மேட்டில் நட்ட கட்டையிலிருந்து இடுப்பளவு நீர்வரை சரிவை அளப்போமே, அதை வைத்துத்தானே கரை இனி எப்படி மாறும் என்று கணினி சொல்லும்? நீ போனபின் வந்த முதல் புயல் அந்தக் கட்டையை அடித்துக்கொண்டு போய்விட்டது. உன் இடத்துக்கு வந்த சென்னைக்காரர் ராகவன் என்ன செய்தார் தெரியுமா? மிஞ்சிய மேட்டில், வெகு பின்னால், வசதியாகப் புதுக் கட்டை நட்டு, அதையே தொடக்கமாக வைத்து அளந்துகொண்டு வந்துவிட்டார்!

சரிவின் வடிவம் மாறவில்லை. அதனால் கணினியில் பழைய கோடும் புதுக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடக்கின்றன. முழுக் கரையுமே வீடுகளை நோக்கி நகர்ந்துவிட்டது அதில் எங்கே தெரியும்?

"மாடல் இவ்ளோ அழகா ஒத்துப்போகுது சார். ஏன் நோண்டுறீங்க?" என்கிறார் ராகவன். மேலாளரோ சிரித்த முகத்துடன் கையெழுத்துக்கு அறிக்கையை நீட்டுகிறார். கரை நிலையானதாம், வீடுகளுக்கு ஆபத்தில்லையாம். ஈரக் காலோடு நின்ற நமக்குக் கோப்பி தந்த அந்த நீலக் கூரை வீட்டுக்காரி இதை வாசித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவாள்.

பழைய கட்டை தேவாலயப் படியிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து வைத்தவன் நீ. வேலையில்லாதவன் என்று உன்னைக் கேலி செய்வேன். இப்போது அந்த ஓர் அளவுதான் எனக்குத் துணை. அதே படியிலிருந்து புதுக் கட்டைக்கும் அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கேட்டால், திங்கட்கிழமை அறிக்கை போகவேண்டும், நேரமில்லை என்கிறார்கள்.

ஏன் மச்சான் இவ்வளவு அவசரமாகப் போனாய்? நாற்பதைத் தாண்டியதும் மாரடைப்பு வரவேண்டுமா? உன்னோடு சண்டை பிடிக்கவும் வழியில்லையே.

நான் கையெழுத்துப் போடவில்லை. உன் தங்கையிடம் சொன்னேன்.

"வேலை போனா என்ன செய்யிறது?" என்றாள். பிறகு வெங்காயம் வெட்டினாள். கடைசியில், "டேப்பின்ர மற்றத் தொங்கலை ஆர் பிடிக்கிறது?" என்று கேட்டாள்.

இத்தனை வருடமும் அந்த நுனியைப் பிடித்தவன் நீதானே.

"அண்ணன்ர பூட்ஸ் எனக்குப் பெரிசு," என்றாள். "உள்ளுக்கு ரெண்டு சோடி மேஸ் போட்டா நிக்கும்."

வெள்ளி மாலை இருவரும் கரைக்குப் புறப்படுகிறோம். உண்மையான அளவு ஏறாத அறிக்கையில் என் பெயர் வராது. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் தங்கையைக் கட்டியவன்,
குகன்