இரண்டாம் முழுக்கு

என் குஞ்சுமுத்து,

அம்மா எழுதுகிறேன். கடிதத்தின் தலையில் என்ன போடுவது என்றே தெரியவில்லை. நாம் வேதக்கோவிலில் இருந்தவரைக்கும் ‘சேசு மரி சூசை துணை’ என்று போடுவோம். தண்ணீரில் முக்கி ஞானஸ்நானம் கொடுக்கிற இந்த முழுக்குச் சபைக்கு வந்த பிறகு அதெல்லாம் வேண்டாம், ‘கர்த்தருக்குள் பிரியமான’ என்று தொடங்கு என்றாய். இன்றைக்கு இரண்டுமே கைக்கு வரவில்லை. உன் பேரை மட்டும் போட்டுவிட்டேன்.

பங்குனியில் பட்டாசுக் கம்பெனி மருந்து அறை வெடித்தபோது நீயும் அதோடு போனாய். இப்போது ஆடி. செத்துப்போன பிள்ளைக்குக் கடிதமா என்று யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வேதம் வாசிக்க வேண்டும் என்று நீதானே என்னைப் பிடித்து உட்காரவைத்து எழுத்துக் கூட்ட வைத்தாய். அந்த எழுத்தை உனக்குச் செலவழிக்காமல் வேறு யாருக்குச் செலவழிப்பேன்? இன்றைக்குக் காலையில் ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.  உன்னிடம் சொல்லாமல் சோறு இறங்காது. முதலில் இருந்து சொல்கிறேன்.

நம் பாஸ்டர் எலியேசர் ஐயா மேல் நீ உயிரையே வைத்திருந்தாய். பெண்சாதி இறந்துபோனாள், பிள்ளைகுட்டி இல்லை, சபைதான் எனக்குக் குடும்பம் என்று அவர் சொல்லும்போதெல்லாம் நாமும் பாவப்பட்டுக் கூழும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுபோய்க் கொடுத்தோம். போன மாதம் நம் பாட்டுக்குழு ரூத்தைப் பெண் கேட்டு, பேசியும் முடித்துவிட்டார். சபையில் கல்யாண ஓலை வாசிக்க இருந்த ஞாயிறு அன்றைக்கு, ஆராதனை நடக்கும்போது வாசலில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையைப் பிடித்து ஒரு பிள்ளை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. ‘நான் சாகலை. கஞ்சிக்கு வழியில்லாமத்தான் வந்திருக்கேன்’ என்றாள். அவ்வளவுதான். ஐயா வேதப் புத்தகத்தை மூடினார். பின்வாசல் வழியாகப் போனவர் மதியமே விருதுநகர் பஸ்ஸில் ஏறிவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். பெண்சாதியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. நாங்கள்தான் அவர்களுக்குச் சோறு போட்டு ஊருக்கு அனுப்பிவைத்தோம். ரூத் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை.

பட்டாசுக் கம்பெனிக்குள் தலைகாட்ட முடியவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து திரி கிள்ளுகிற மூக்கம்மாள் காளியம்மன் கோவிலுக்குப் போகிறவள், அவளுக்கு நம் சண்டையில் ஒரு பங்கும் கிடையாது. அவளே, ‘செத்தவுக பஸ் ஏறி வந்து நிக்காக, இதுக்கு மேல என்ன அற்புதம்க்கா வேணும் உங்க சபையில’ என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேதக்கோவில்காரர்களுக்குக் கேட்க வேண்டுமா. நேற்றுவரைக்கும் நம்மைப் பார்த்து முகத்தைத் திருப்பினவர்கள் எல்லாரும் இப்போது தேடிவந்து நலம் விசாரித்தார்கள். அந்தக் கோவிலில் உபதேசியார் வேலை பார்க்கிற உன் சூசை மாமாதான் அதில் முதல் ஆள்.

இது போதாது என்று, மதுரையிலிருந்து நம் சபைக்குப் புதிதாக ஒரு மூப்பரை அனுப்பினார்கள். சாமுவேல் ஐயா. நல்ல மனிதர்தான், பொய் பேசத் தெரியாது, சிரிக்கவும் தெரியாது. வந்த அன்றைக்கே எழுந்து நின்று, எலியேசர் கொடுத்த ஞானஸ்நானம் எதுவும் செல்லாது, கறைபட்ட கை தொட்ட தண்ணீர் ஞானஸ்நானம் ஆகாது, அவரிடம் முழுகினவர்கள் எல்லாரும் மறுபடியும் முழுக வேண்டும், அதுவரைக்கும் திருவிருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்.

 தை மாதம் நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் ராக்கப்பன் கிணற்றில் முழுகினோமே, நீ முதலில், நான் உன் பின்னால். நான் இன்னொரு தரம் போய் முழுகலாம். கிணறு இருக்கிறது, எனக்குக் காலும் இருக்கிறது. நீ எப்படி வருவாய்? எல்லாரும் போன பிறகு அவரிடம் போய், ‘ஐயா, எம் மகன் காரியம்?’ என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, ‘அது தேவனுடைய கையில இருக்கும்மா’ என்றார். எங்கள் காரியம் மட்டும் உங்கள் கையில் இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது தோன்றியது.

இதற்கிடையில் சண்டை கம்பெனிக்குள் வந்துவிட்டது. மருந்து அறையில் வாய் திறக்கக் கூடாது என்பதுதானே சட்டம். அங்கேயே உட்கார்ந்து, குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுவது சரியா, வளர்ந்தவனை முக்குவது சரியா என்று இரண்டு பேர் கட்டிப்புரளாத குறை. முதலாளி வெள்ளைத்துரைக்குச் செய்தி போய்விட்டது. அவர் நெற்றி நிறைய விபூதியோடு வந்து நின்று, ‘ஏலே, இங்கன வச்சு மதச்சண்டை போட்டீகன்னா ரெண்டு கட்சியும் ஒண்ணாச் சேந்து மோட்சம் போயிருவீக. உள்ள பேசாதீக. ஞாயித்துக்கிழம சாயங்காலம் எங் களத்துல கூடுங்க. பேசித் தீத்துக்கோங்க. பீடி, தீப்பெட்டி யாரும் கொண்டாரக் கூடாது’ என்றார்.

முத்து, நீ பார்த்திருக்க வேண்டும். வெடி காயப்போடுகிற களம் முழுக்க ஆள். விஸ்வநத்தத்திலிருந்துகூட நடந்து வந்தார்கள். பஞ்சம்மாள் மொச்சைச் சுண்டல் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, பழைய அணாவா புது நயா பைசாவா என்று வந்தவர்களோடு தனியாக ஒரு தர்க்கம் நடத்திக்கொண்டிருந்தாள். நடுவில் முதலாளிக்கு ஒரு நாற்காலி. ஒரு பக்கம் உன் மாமா செபமாலையோடு, ஒரு பக்கம் சாமுவேல் ஐயா வேதப் புத்தகத்தோடு. எனக்கு இரண்டு பக்கமும் சொந்தம். பெண்கள் வரிசையில் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

மாமாதான் தொடங்கினார். ‘பொறந்த பிள்ளைக்குப் பால் குடுக்கீக. அது கேட்டா குடுக்கீக? அதுக்கு வேணும்னு நமக்குத் தெரியும், குடுக்கோம். ஞானஸ்நானமும் அப்பிடித்தான்’ என்றார். நம் பழைய ஆட்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். சாமுவேல் ஐயா நிதானமாக எழுந்து, ‘தூங்குற பிள்ளைக்குப் பால் ஊட்டுனா புரையேறும். விசுவாசிக்கிறவனுக்குத்தான் முழுக்கு. விசுவாசிக்கிறது அவன், அவனுக்காக வேற ஆள் விசுவாசிக்க முடியாது’ என்று ஒரு வசனம் வாசித்தார். இந்தப் பக்கம் கைதட்டல். மாதா, பாப்பு, உத்தரிக்கிற ஸ்தலம் என்று வண்டி எங்கெங்கோ போனது. எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை.

பிறகு மாமாவால் பொறுக்க முடியவில்லை. ‘வேதத்துல எங்க இருக்கு, வேதத்துல எங்க இருக்குன்னு கேக்கீகளே, உங்க பாஸ்டருக்கு ரெண்டு பெண்சாதி வேதத்துல எங்க இருக்கு?’ என்றார். களமே சிரித்தது. சாமுவேல் ஐயா சிரிப்பு அடங்கும்வரைக்கும் நின்றார். ‘முப்பது வருசத்துக்கு முன்ன இந்த ஊருல இருந்த சாமியாரை உங்க பிஷப்பு எதுக்கு மாத்தினாரு? பூசைத் திராட்சரசம் போதாமச் சாராயக் கடையில உக்காந்தவருதான?’ என்றார்.

 எனக்கே கூசிவிட்டது. ஆனால் உன் மாமாவை அன்றைக்கு நான் மெச்சினேன். மழுப்பவில்லை. நிமிர்ந்து நின்று, ‘ஆமா, குடிச்சாரு. ஊருக்கே தெரியும். அவரு கையாலதான் எனக்குக் கல்யாணம், அவரு கையாலதான் எந் தங்கச்சிக்கு ஞானஸ்நானம். அவரு குடிச்சதால எம் பெண்சாதி பெண்சாதி இல்லைன்னு ஆயிருமா? குடுக்கிறது சர்வேசுரன்யா. சாமியாரு வெறும் கை. கை அழுக்குன்னா அந்தப் பாவம் அவரோட. வாங்கிக்கிட்டவுகளுக்கு ஒரு குறையும் வராது’ என்றார்.

நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. ஆண்கள் பேசுகிற சபையில் என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிறது போலக் கேட்டது. ‘அண்ணே, அப்ப எங்க பாஸ்டரு எம் மகனுக்குக் குடுத்ததும் குறையில்லதான?’ என்று கேட்டேன்.

மாமா மாட்டிக்கொண்டார். ஆமாம் என்றால் முழுக்குச் சபையை ஒப்புக்கொண்டதாகிவிடும். இல்லை என்றால் அத்தையைக் கல்யாணம் பண்ணியதே பொய்யாகிவிடும். கடைசியில், ‘அவனுக்கு அது ரெண்டாந் தண்ணி தாயி. நாந்தான ஞானத்தகப்பனா நின்னு கையில ஏந்துனேன். மொதத் தண்ணியே அவனுக்குப் போதும்’ என்றார். ‘போதும்னா உங்க கல்லறைத் தோட்டத்துல அவனுக்கு ஏன் இடம் குடுக்கல? ராக்கப்பன் வயக்காட்டு ஓரத்துல எதுக்குப் பொதைச்சேன்?’ என்றேன். மாமா உட்கார்ந்துவிட்டார்.  முதலாளி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, ‘ரெண்டு பேரும் செயிச்சீக. தீவாளி ஆர்டர் நிக்கி, காலையில எல்லாரும் வேலைக்கு வந்துருங்க’ என்று கூட்டத்தை முடித்துவிட்டார்.

அது போன ஞாயிறு. இன்றைக்குத்தான் மறு முழுக்கு. போவதா வேண்டாமா என்று வாரம் முழுக்க எனக்குள்ளேயே தர்க்கம். போகாவிட்டால் சபை இல்லை. உன் அப்பாவும் இல்லாமல், நீயும் இல்லாமல், அந்தப் பாட்டும் செபமும்கூட இல்லாமல் நான் எங்கே போய் உட்காருவேன்? வெள்ளைச் சேலையைத் துவைத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டேன். ராக்கப்பன் அண்ணன் கிணற்று மேட்டில் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்திருந்தார். ‘போன தடவ கழுவுன பாவமே இன்னும் மிளகாச் செடியில நிக்கி, மறுபடியுமாய்யா?’ என்று கேட்டார். மூப்பர் ஐயாவுக்கு அது வேடிக்கை என்று புரியவில்லை. பதில் விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நம் சபை வெள்ளைத்தாய் எனக்கு முன்னால் முழுகினாள். அடுத்தது நான். கடைசிப் படிவரைக்கும் இறங்கிவிட்டேன், தண்ணீர் பாதத்தில் பட்டது. ஐயா கையை நீட்டினார். அப்போது, தையில் நீ இதே படியில் நின்றது கண்ணுக்கு முன்னால் வந்தது. குளிரில் உன் தாடை ஆடிக்கொண்டிருந்தது. ‘விசுவாசிக்கிறாயா’ என்று கேட்டதற்கு, கிணற்றுக்கு அந்தப் பக்கம் மிளகாய்த் தோட்டத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக ‘விசுவாசிக்கிறேன்’ என்றாயே, அதைக் கேட்டேன்.

என் காலை எடுத்துவிட்டேன். ‘ஐயா, விசுவாசிக்கிறவனுக்குத்தான் முழுக்கு, அவனுக்காக வேற ஆள் விசுவாசிக்க முடியாதுன்னு களத்துல நீங்கதான சொன்னீக. எம் மகன் விசுவாசிச்சான், என் காதால கேட்டேன். முக்குனவரு பொய்யா இருக்கலாம், முங்குனவன் பொய்யில்ல. நான் இப்ப மறுபடியும் முங்குனா, அவன் அன்னைக்கு வெறுமனே குளிச்சிட்டுப் போனான்னு பெத்தவளே சொன்ன மாதிரி ஆகிரும். நான் சொல்ல மாட்டேன்’ என்றேன்.

ஐயாவுக்குக் கோபம் இல்லை. வருத்தம்தான். ‘அப்ப உங்களுக்கு அப்பம் குடுக்க முடியாதும்மா’ என்றார். ‘சரிங்கய்யா’ என்று சொல்லிவிட்டுப் படியேறினேன். மனசு துள்ளியது. உன்னைப் பெற்று எடுத்த அன்றைக்கு அப்படித் துள்ளியது, அதற்குப் பிறகு இன்றைக்குத்தான். மேலே ஈரத்தோடு நின்ற வெள்ளைத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘யக்கா, இதை முன்னாலயே சொல்லக் கூடாதா, நான் ரெண்டு தடவ நனைஞ்சிட்டேனே’ என்றாள். வரிசையில் நின்றவர்களில் இரண்டு மூன்று பேர் என் பின்னால் வந்துவிட்டார்கள். மற்றவர்கள் இறங்கினார்கள். அவரவர் மனசு.

மாமா காதுக்குச் செய்தி எட்டிவிட்டது. சாயங்காலம் வந்து வாசலில் நின்றார். ‘அதான் அங்க இல்லைன்னு ஆயிருச்சே, கோவிலுக்கு வந்துரு சவரி, சாமியார்ட்ட நான் பேசுதேன்’ என்றார். ‘எம் மகனுக்கு இடம் இல்லாத கோவிலுக்கு நான் எப்படிண்ணே வருவேன்’ என்றேன்.  பிறகு, ‘வா, பிள்ளையப் பாத்துட்டு வருவோம்’ என்றார். உன்னைப் புதைத்த அன்றைக்குத் தூரத்தில் பனை ஓரமாக நின்றுவிட்டுப் போனவர், இன்றைக்குத்தான் கிட்டத்தில் வந்தார். மண்டி போட்டுச் செபமாலை சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நம் சபைப் பாட்டைப் பாடினேன். அவர் வேகமாகச் சொன்னார், நான் மெதுவாகப் பாடினேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முடிக்கவில்லை. யாரும் யாரையும் நிறுத்தவும் இல்லை. சாமியாரிடம் சொல்லிவிடாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு எங்கே போவேன் என்று தெரியவில்லை. வெள்ளைத்தாய் நம் வீட்டிலேயே கூடிப் பாடலாம் என்கிறாள். பார்ப்போம். நீ கவலைப்படாதே. இரண்டு பக்கத்தாரும் உன்னை விட்டாலும் பெற்றவள் விடவில்லை. சேசுவோ இயேசுவோ, உன் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர் உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். அங்கே நெருப்பு இல்லாத இடமாகப் பார்த்து இரு, என் கண்ணே.

இப்படிக்கு உன் அம்மா சவரியம்மாள் என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். களத்தில் பேசின இரண்டு பேருக்கும் அது தெரியாது, எனக்கும் தெரியாது. நான் முழுகினபோது பயத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன், எதையும் கவனிக்கவில்லை. நீ பயப்படுகிற பிள்ளை இல்லை. தண்ணீருக்குள் அந்த ஒரு மூச்சு நேரம், முத்து, உன்னைத் தாங்கிப் பிடித்திருந்தது யாருடைய கை?