கட்டிலின் மறுமுனை

ஸ்ரீவைகுண்டம்
1917, செப்டம்பர்

பஸ்ராவிலிருக்கும் அன்பு மகன் ஜெபசீலனுக்கு, அம்மா பாக்கியவதி சொல்லத் தங்கை சாலோமி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே உங்களை ஒரு தீங்கும் அணுகாதிருக்க அம்மா காலையும் மாலையும் முழங்காலில் நிற்கிறாள். அம்மாவே எழுதாததேன் என்று கேட்பீர்கள். அண்ணா, உங்கள் கடிதம் வந்தது முதல் அவள் பேனாவை எடுக்கிறாள், ஒரு வரி எழுதுமுன் வைத்துவிடுகிறாள்.

டோலியில் காயம்பட்டவர்களைத் தூக்கியது போதும், துப்பாக்கிப் பட்டாளத்துக்கு மாற மனுக் கொடுக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். சிப்பாய்கள் 'பிணந்தூக்கி' என்று கேலி செய்கிறார்களாம், சர்க்கார் பதிவிலும் 'நான்-காம்பட்டன்ட்', போர் செய்யாதவன் என்றுதான் இருக்கிறதாம். படித்ததும் எனக்குக் கூடக் கோபம் வந்தது. பள்ளியில் மிஸ்ஸியம்மா இங்கிலீஷ் பத்திரிகையைக் கொடுத்து, போரைக் குறிக்கும் 'காம்பட்' என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது பாருங்கள் என்றார்கள். கடலில் கப்பல்கள் சுட்டுக்கொள்வதற்கும் அதுதான், கொசுவை ஒழிக்கிற முனிசிபாலிட்டிக்கும் அதுதான். கள்ளுக்கடைக்கு எதிராகக் கூட்டம் போடுகிறவர்களுக்கும் உண்டு, தலைவலி மாத்திரைக்குங்கூட உண்டு! மாத்திரைக்குக் கொடுக்கிறவர்கள், குண்டு விழுகிற இடத்தில் ஆளைத் தூக்கிவருகிற என் அண்ணனுக்கு மட்டும் இல்லையென்பார்களா என்று வீட்டில் வந்து சத்தம் போட்டேன். அம்மா, "குடுக்க வேண்டாம்ட்டி. அந்தச் 'செய்யாதவன்'ங்கதத்தான் நான் ராவும் பகலும் பிடிச்சிக்கிட்டுக் கிடக்கேன்" என்றாள்.

இதுவரை மறைத்துவைத்த ஒன்றை இப்போது எழுதச் சொல்லுகிறாள். போன மாதம் நம் தெருவில் வாந்திபேதி. எதிர்வீட்டுச் சந்தனமாரி அக்காளுக்குக் கண்டு கைகால் சில்லிட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, தலைமாட்டை அவள் கொழுந்தனும் கால்மாட்டை அம்மாவும் தூக்கினார்கள். வாய்க்கால் பாலத்தில் அக்காள் மறுபடி வாந்தியெடுத்ததும் கொழுந்தன் கட்டிலை வைத்துவிட்டு ஓடியே போனார். அம்மாவால் தனியே தூக்கவும் முடியவில்லை, விட்டுவிட்டு வரவும் முடியவில்லை. கால்மாட்டைப் பிடித்தபடி உட்கார்ந்து கத்தியிருக்கிறாள். கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடிவந்த தாஜ் முகம்மது அண்ணாச்சி, "அழாதீங்கம்மா, பைய எந்திரிங்க, தலமாட்ட நான் பாத்துக்கிடுதேன்" என்று தூக்கினாராம். அக்காள் பிழைத்துக்கொண்டாள். இதைக் கேட்ட மிஸ்ஸியம்மா, உன் அம்மாவும் நோயோடு பெரிய போர் செய்தாள் என்றார்கள். அம்மாவிடம் சொன்னால், "நான் எங்கட்டி சண்ட போட்டேன்? பயத்துல பல்லு கிட்டிப்போச்சு. கட்டில விடல, அவ்வளவுதான்" என்கிறாள்.

உங்களுக்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏலே, டோலிக்கும் ரெண்டு முனை இருக்கு. நீ துப்பாக்கியத் தூக்கிட்டுப் போயிட்டா, அதுல கிடக்குதவன் என்ன செய்வான்? அவனுக்கும் ஒரு அம்மை இருப்பால்லா."

இந்தக் கடிதம் வருவதற்குள் மனுப் போயிருந்தால் என்று நான் எழுதத் தொடங்கியதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தந்திச் சேவகன் தெருவில் திரும்பினாலே கதவைச் சாத்திக்கொள்கிறாள் அண்ணா. எனக்கும் பயமாயிருக்கிறது.

கர்த்தர் உங்களைச் சூழ்ந்து காப்பாராக. கொதிக்கவைத்த தண்ணீரையே குடிக்கவும். கீழே அம்மா தானே எழுதுகிறாள், எழுத்துக் கோணலாயிருந்தால் கூட்டி வாசித்துக்கொள்ளவும்.

மகனே, உன் முனையை விடாதே.
அம்மா பாக்கியவதி