மானுக்கு வைத்த ஃபோகஸ்

டிசம்பர் 4, புதன்

காலை ஆறு மணி. வீட்டுக்குப் பின்னால் மொச்சைக் காட்டில் நான்கு புள்ளிமான். நல்ல பனி. எட்டுப் படம் எடுத்தேன்.

பெண்டாட்டி உமாதேவி போய்ச் சேர்ந்து இன்றோடு ஏழு நாள். ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிட்டேன்.

டிசம்பர் 6

அவளுடைய அக்கா மாயக்காள் வந்தார். "தம்பி, பதினாறாம் நாளு படந்தெறக்கணும். படம் எங்கனன்னு எல்லாரும் கேக்காக."

கேட்கத்தான் செய்வார்கள். கோம்பையில் இருபத்தாறு வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பெண்டாட்டி படம் என்று உருப்படியாக ஒன்று இல்லை. கல்யாண ஆல்பத்தில் அவளுக்குப் பத்தொன்பது வயசு. அதற்கப்புறம் எடுத்ததெல்லாம் கையால் முகத்தை மறைத்துக்கொண்டதுதான். "ஊர்ச்சனத்த எடுத்து முடிங்க, அப்புறம் என்னைய எடுக்கலாம்" என்பாள். நானும் விட்டுவிட்டேன். வாத்தியார் பிள்ளை மக்கு.

டிசம்பர் 7

மூன்று மான்தான் வந்தது.

டிசம்பர் 9

மகள் ஓவியா சொன்னாள்: "ஆதார் படத்த வச்சு நீங்களே பண்ணிருங்கப்பா. ஊருக்கெல்லாம் பண்றீகள்ல?"

பண்ணுகிறேன். இறந்தவர்களின் தலையை ஆதார் அட்டைப் படத்திலிருந்து வெட்டி, கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும் சிவப்புப் பட்டுச்சேலை உடம்பில் ஒட்டிவிடுவேன். கழுத்தில் காசுமாலையும் உண்டு. அந்த ஒரே உடம்பு இந்த ஊரில் நாற்பது வீட்டிலாவது தொங்கும்.

உட்கார்ந்து ஒட்டினேன். கழுத்து கச்சிதமாகப் பொருந்தியது. யாரோ ஒரு பொம்பளை. அழித்துவிட்டேன். அழுகை மட்டும் வரமாட்டேன் என்கிறது. என்ன மனுஷன் நான்?

டிசம்பர் 10

மான் இல்லை. பக்கத்துக் காட்டு வேலுச்சாமி நாயை அவிழ்த்து விட்டிருக்கிறார். "மொச்சையப் பூராம் மேஞ்சுருச்சுப்பா, என்ன செய்யச் சொல்ற?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

டிசம்பர் 11

இன்றும் வரவில்லை. சும்மா இருக்க முடியாமல் போன மார்கழியில் எடுத்த மான் படங்களைப் பார்த்தேன்.

ஒன்றில் கொம்பு மான். காது மயிரில் இருக்கிற பனிகூடத் தெரிகிறது. அதற்குப் பின்னால் வரப்பில் உமாதேவி. ஒரு கையில் டீ டம்ளர், மறு கையில் முந்தானை. மானைக் கண்டு அப்படியே நின்றிருக்கிறாள். முகத்தை மறைக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

ஃபோகஸ் மானுக்கு. அவள் வெறும் கலங்கல்; சிரிப்பின் வெள்ளை மட்டும் தெரிகிறது.

அன்னைக்கு டீ ஆறிப்போச்சுன்னு ஏசினேன். ஏன் ஆறுச்சுன்னு அவளும் சொல்லல, நானும் கேக்கல. மான் ஓடிரக் கூடாதுன்னு நின்னுருக்கா — எனக்காக. நான் பாக்கவே இல்லையே.

டிசம்பர் 12

தெரிந்த வித்தையெல்லாம் செய்தும் தெளியவில்லை. மானை வெட்டி எடுத்தால் அவள் நிற்பதற்கே அர்த்தமில்லை. முழுசாகப் பிரேம் போட்டேன்.

டிசம்பர் 13, வெள்ளி

விடியும்போது மான் வந்திருந்தது. கேமராவைத் தொடவில்லை.

படத்தைத் திறந்ததும் பந்தலில் முணுமுணுப்பு. "மானுக்கா தம்பி படந்தெறக்கோம்?" என்றார் மாயக்காள். பிறகு கிட்டே போய் நின்று பார்த்தார். "சிரிக்கிறா" என்றார்.

பொட்டு வைக்க வேண்டும். அந்தக் கலங்கலில் நெற்றி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. குங்குமத்தை என்னிடம் நீட்டினார்கள்.

எனக்குத் தெரிந்தது. வைத்தேன். விரலை எடுக்க முடியவில்லை. ஓவியா வந்து பிடித்து உட்கார வைக்கிற வரைக்கும் அழுதேன்.