பதினேழாம் படுக்கையின் மாத்திரை நேரம்

அனுப்புநர்:
பதினேழாம் படுக்கை நோயாளியின் கணவர்
(ஓய்வுபெற்ற வானிலைப் பதிவாளர்),
பெண்கள் நரம்பியல் வார்டு, இரண்டாம் தளம்.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: பார்க்கின்சன் நோயாளியான என் மனைவிக்கு மாத்திரை உரிய நேரத்தில் தரப்படாதது, அதனால் நேர்ந்தவை, அவருடைய கேஸ் ஷீட்டில் உள்ள ஒரு குறிப்பை வரும் திங்கட்கிழமைக்குள் திருத்தக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் அறைக்குள் ஒரு நாளில் எத்தனை கோப்புகள் போகின்றன என்பதை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முழுவதும் படிக்க நேரம் கிடைக்காமல் போகலாம். அதனால் இதில் உள்ளவற்றை முன்கூட்டியே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. என் மனைவி இங்கு வந்த நாளில் இருந்த நிலை.
2. ஆறு மாத்திரையும் மூன்று வேளையும்.
3. சேர்க்கையின்போது மாத்திரை நேரத்தை எங்களிடம் யாரும் கேட்கவில்லை என்பது.
4. கழிவறை வாசலில் நடந்தது.
5. ஏழாம் தேதி காலை நடந்ததும், அதன்பின் கைகள் கட்டப்பட்டதும்.
6. கேஸ் ஷீட்டில் உள்ள குறிப்பும், என் வேண்டுகோளும்.

ஏழாவதாக மின்விசிறி பற்றி ஒன்று எழுதியிருந்தேன். மற்றவற்றின் பக்கத்தில் அது அற்பமாகத் தெரிந்ததால் எடுத்துவிட்டேன்.

நான் மருத்துவம் படித்தவன் அல்ல. வானிலை நிலையத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மழையும் வெப்பமும் காற்றும் அளந்து எழுதியவன். இந்த மனுவில் உள்ள நேரங்கள் எல்லாம் என் கைக்கடிகாரத்தில் பார்த்து அப்போதைக்கப்போது குறித்தவை.

1. என் மனைவிக்கு வயது அறுபத்தேழு. தொலைபேசி நிலையத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் இணைப்பு கொடுக்கும் வேலையில் இருந்தவர். பார்க்கின்சன் நோய் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. குரல் தேய்ந்துவிட்டது. முகத் தசைகள் இறுகிவிட்டதால் சிரிப்பு வெளியே தெரிவதில்லை. அறிவும் நாக்கின் கூர்மையும் அப்படியே இருக்கின்றன. இம்மாதம் இரண்டாம் தேதி வீட்டில் வழுக்கி விழுந்தார். நெற்றியில் ஏழு தையல். தலைக்குள் ஒன்றும் இல்லை, எதற்கும் சில நாள் வைத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். அதற்கு இவர், "தலைக்குள்ள ஒண்ணும் இல்லன்னு எங்க வீட்டுக்காரர் ரொம்ப நாளாவே சொல்லிட்டிருக்கார் டாக்டர்" என்றார். தையல் போட்டுக்கொண்டிருந்த டாக்டர் ஊசியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். வார்டு வாசலில் சக்கர நாற்காலியை விட்டு இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் காலால் நடந்துபோய்ப் பதினேழாம் படுக்கையில் உட்கார்ந்தார். இன்று பதின்மூன்றாம் தேதி. அவரால் தானாகப் புரண்டு படுக்க முடியவில்லை.

2. இந்த நோயில் மாத்திரைதான் கையும் காலும். அது உடம்பில் இருக்கும்வரை எழுந்து நடப்பார், தலை வாரிக்கொள்வார், என்னைத் திட்டுவார். அது தீர்ந்தால் பாதி வாரிய தலையோடு கை அப்படியே நின்றுவிடும். அதனால் வீட்டில் காலை ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, மாலை மூன்று, ஆறு, ஒன்பது என்று வேளைக்கு ஒன்றாக ஆறு மாத்திரை. ஒன்பது ஆண்டுகளில் கால் மணி நேரம் தவறியது இரண்டு முறைதான். இரண்டுக்கும் காரணம் நான்.

வீட்டிலிருந்து கொண்டுவந்த மருந்தை வார்டில் வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். அது விதி, அதற்குக் காரணமும் இருக்கும். கேஸ் ஷீட்டில் ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை என்று எழுதியிருந்தது. வார்டில் மருந்து வண்டி காலை எட்டு, பகல் இரண்டு, இரவு எட்டு என மூன்று முறைதான் புறப்படும். ஆகவே ஆறையும் இரண்டிரண்டாகக் கொடுத்தார்கள். கூட்டிப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. இரண்டும் சேர்ந்து உள்ளே போனதும் ஒரு மணி நேரம் உடம்பு தன் போக்கில் நெளிந்து முறுக்கும். அதன்பின் அடுத்த வண்டி வரும்வரை கல். வண்டி முதல் படுக்கையிலிருந்து கிளம்பிப் பதினேழுக்கு வந்துசேரச் சராசரியாக ஐம்பது நிமிடம் ஆகிறது என்பதையும் பணிவோடு சேர்த்துக்கொள்கிறேன்.

ஐந்தாம் தேதி தலைமைச் செவிலியரின் மேசைப் பக்கம் நாற்பது நிமிடம் நின்று இதைச் சொன்னேன். அவர் சொன்ன பதிலை மாற்றாமல் தருகிறேன். "சார், முப்பத்திநாலு படுக்கை. ஆளுக்கொரு மணி பாத்துக் குடுத்தா நான் எப்ப ஊசி போடுறது, எப்ப எழுதுறது? ஆறு எழுதியிருக்கு, ஆறு போகுது. அப்புறம் என்ன சார்?" அவர் பொய் சொல்லவில்லை. அன்று முப்பத்து நான்கு பேருக்கு இரண்டே செவிலியர்கள். ஒருவர் காலையிலிருந்து உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. "சரிம்மா" என்று சொல்லித் திரும்பிவிட்டேன். பதினாறாம் படுக்கை அம்மாளின் மருமகள் இதைக் கேட்டுவிட்டு, "என்ன பெரியப்பா, சரிம்மாவா? இங்க சத்தம் போடுறவங்களுக்குத்தான் வேலை நடக்கும். நீங்க கோயில் மணிய துணி சுத்தி அடிச்ச மாதிரி பேசினா யாருக்குக் கேக்கும்?" என்றார்.

ஐயா, ஒரு மாதத்து மழை முழுவதும் ஒரே நாளில் பெய்துவிட்டாலும் மாதக் கணக்கு சரியாகத்தான் இருக்கும். பயிர் இருக்காது. எனக்குத் தெரிந்த தொழிலை வைத்து இவ்வளவுதான் விளக்க முடியும்.

3. சேர்க்கையின்போது செவிலியர் எங்களிடம் வயதைக் கேட்டார். உடன் இருப்பது யார் என்று கேட்டார். காதில் தோடு இருக்கிறதா, பல்செட் உண்டா என்று கேட்டார். மாத்திரைப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரே மூச்சில் சொல்லியிருப்பேன். நரம்பு நோய்க்கென்றே இருக்கும் வார்டில், தோட்டுக்கு உள்ள அக்கறை மாத்திரை நேரத்துக்கு இல்லாமல் போனது எப்படி? என் மனைவி பட்ட பாடு அத்தனையும் இந்தக் கேட்காத கேள்வியில் தொடங்கியது என்று உறுதியாகச் சொல்கிறேன். நான் பொதுவாக எதையும் உறுதியாகச் சொல்பவன் அல்ல.

4. இந்நோயாளிகள் நன்றாக நடந்து வந்துகொண்டே இருந்து, வாசற்படியைக் கண்டதும் தரையில் ஒட்டியதுபோல் நின்றுவிடுவார்கள். தாண்டுவதற்குக் குறுக்கே ஒரு கோடு இருந்தால் கால் தானாக எழும். ஏன் என்று எனக்கு விளங்கியதில்லை, ஆனால் எழும். வீட்டில் கழிவறை வாசலில் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறேன். வார்டின் தரை ஒரே வெள்ளை. நான்காம் தேதி அந்த வாசலில் அவர் நின்றுவிட்டபோது என் காலையே குறுக்கே நீட்டி, தாண்டச் சொன்னேன். அவ்வழியே வந்த செவிலியர், "ஏன் சார் காலை விட்டுத் தட்டி விடுறீங்க? விழுந்தா யார் பதில் சொல்றது?" என்று அதட்டினார். என் மனைவி, "முப்பத்தெட்டு வருஷமா பண்றார் சிஸ்டர். இப்பத்தான் ஒருத்தர் கண்டுபிடிச்சிருக்கீங்க" என்றார். குரல் எழும்பாததால் அது செவிலியருக்குக் கேட்கவில்லை. முகம் அசையாததால் வேடிக்கை என்றும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு நோயாளி வாசலை அடைத்துக்கொண்டு நகராமல் நின்றதும், முகத்தை உம்மென்று வைத்திருந்ததும்தான். "நல்லாத்தான் நடந்து வந்தாங்க. இப்ப அடம் பிடிக்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். அந்தச் சொல் அன்று மாலையே கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது.

5. ஏழாம் தேதி காலை வண்டி வந்தபோது மணி எட்டு ஐம்பத்திரண்டு. மாத்திரையைப் பாலோடு கொடுத்தார்கள். இந்த மாத்திரை பாலோடு சேர்ந்தால் சரியாக ஏறாது என்று எங்கள் பழைய டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த இரண்டு நிமிடத்தில் ஆயா, பாலில் நனைத்த ரொட்டியைக் கரண்டியில் எடுத்து ஊட்டத் தொடங்கினார். உடம்பு கல்லாக இருக்கும் நேரத்தில் தொண்டையும் கல்தான். "முழுங்குங்கம்மா, வாயிலயே வச்சுட்டு உக்காந்திருந்தா நான் எப்ப மத்தவங்களுக்குக் குடுக்குறது? சின்னப் புள்ளையா நீங்க?" என்று அடுத்த கரண்டியும் வைத்தார். அவருக்கு இன்னும் பதினொரு பேருக்கு ஊட்ட வேண்டியிருந்தது. ரொட்டி மூச்சுக்குழாயில் இறங்கியது. முகம் நீலமாகி, இருமி இருமிச் சிறிதளவு வெளியே வந்தது. மிச்சம் நுரையீரலில் தங்கி, மாலைக்குள் காய்ச்சல். மறுநாள் மூக்கில் குழாய் போட்டார்கள்.

அவர் கை நடுங்கும், ஐயா. நடுங்கும் கை மார்பின் மேல் இருந்தால் விரல் குழாயில் படும். குழாயைப் பிடுங்குகிறார் என்று இரண்டு கைகளையும் பாண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். நான் அன்று மதியம் ஒரு மணிக்கு வந்து பார்த்தேன். முடிச்சு மிக நேர்த்தியாக இருந்தது. கட்டிய பிறகும் கைகள் நடுங்கின. கட்டில் கம்பி மெல்ல ஆடிச் சத்தமிட்டது. "எல்லா லைனும் பிஸியா இருக்கு" என்றார் என் மனைவி, கம்பியைப் பார்த்து. நான் அவிழ்க்கவில்லை. செவிலியரிடம் அனுமதி கேட்டுவிட்டு அவிழ்க்கலாம் என்று காத்திருந்தேன். மூன்று மணி வரை காத்திருந்தேன்.

6. கேஸ் ஷீட் கட்டிலின் கால்பக்கம் தொங்குகிறது. உறவினர் படிக்கக் கூடாது என்று தெரியும். படித்துவிட்டேன். அதில் உள்ளது: "உணவு உண்ண மறுக்கிறார். நடக்க மறுத்துப் பிடிவாதம். சிகிச்சைக்கு ஒத்துழைக்க மறுக்கிறார்."

திங்கட்கிழமை பதினாறாம் தேதி காலை, பிசியோதெரபி பிரிவுக்கு யார் யாரை எடுப்பது என்று முடிவு செய்யும் குழு வருகிறது. அங்கே ஆறு வாரம் பயிற்சி கிடைத்தால் என் மனைவி மறுபடி எழுந்து நிற்கக்கூடும் என்று சின்ன டாக்டர் சொன்னார். ஆனால் ஒத்துழைக்காதவர்களை அவர்கள் எடுப்பதில்லை, படுத்த படுக்கையாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதையும் அவரே சொன்னார். எனக்கு எழுபத்து மூன்று வயது. அவரைத் தூக்க என்னால் ஆகாது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

நுரையீரலில் ரொட்டி இறங்கியபோது இருமி உயிர் பிழைத்தவர் எதற்கு ஒத்துழைக்க மறுத்தார் என்று அந்தக் குறிப்பை எழுதியவர் ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும். இந்த வரி கடுமையாக இருந்தால் மன்னிக்கவும். இரண்டு முறை அடித்துவிட்டு மூன்றாம் முறையும் இதையே எழுதினேன்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பவை:

அ) மாத்திரையை வண்டியின் நேரத்துக்கு இல்லாமல் நோயின் நேரத்துக்கு, மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாகக் கொடுக்க உத்தரவிட வேண்டும். ஆள் இல்லையென்றால், செவிலியர் பார்வையில் நானே குழாய் வழியே கொடுக்க அனுமதி தர வேண்டும்.

ஆ) மேற்படி குறிப்பை நீக்க வேண்டும். நீக்க விதி இல்லையென்றால், அதன் கீழே, மாத்திரை தாமதமானதால் ஏற்பட்ட உடல் இறுக்கம் என்று டாக்டர் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

இ) குழு அவரைக் காலை ஒன்பது மணி மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். அப்போது பார்த்தால் அவர் யார் என்று தெரியும்.

யாரையும் தண்டிக்க நான் கேட்கவில்லை. திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாட்களே உள்ளன என்பதை மட்டும் நினைவூட்டி முடிக்கிறேன்.

நாள்: 13, வெள்ளிக்கிழமை
இடம்: நரம்பியல் வார்டின் வெளித் தாழ்வாரம்

இப்படிக்கு,
பதினேழாம் படுக்கை நோயாளியின் கணவர்
(கையொப்பம்)

பிற்சேர்க்கை (14, சனிக்கிழமை, காலை 9.40)

ஐயா, இதைத் தங்களிடம் சேர்ப்பதற்கு முன் என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். இன்று வண்டி சற்று முன்னதாக வந்ததால் அவருக்குப் பேச்சு இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாம் பத்தியில் கண்ணைத் திறந்தார்.

"கேட்டாங்களே" என்றார். "அந்த சிஸ்டர் பேனாவ வச்சுக்கிட்டு, எத்தனை மணிக்குக் குடுப்பீங்கன்னு கேட்டாங்க. நீங்கதான் 'உங்க வசதிப்படி குடுங்கம்மா'ன்னு சொன்னீங்க. நான் சக்கர நாற்காலில உக்காந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இருபத்தெட்டு ஆண்டுகள் பிறர் பேச்சைக் காதில் வாங்கியே வேலை பார்த்தவர் அவர், தவறாகக் கேட்டிருக்க மாட்டார். எனக்கும் நினைவு வந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். ஆறு நேரங்களும் எழுதிய அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. படித்தவருக்குப் பாடம் சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்று அதை எடுக்கவில்லை.

அப்போதே நீ சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "என் குரல் எங்க வெளிய வருது? என்கிட்ட இருந்த வாய் நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

மூன்றாம் பத்தியை அடித்துவிடப் பேனாவை எடுத்தேன். "அடிக்காதீங்க. அடிச்சா அங்க என்ன இருந்துச்சுன்னுதான் தேடுவாங்க. கீழ எழுதுங்க" என்றார். எழுதுகிறேன்.

மற்ற பத்திகள் உண்மை. கேட்டுக்கொண்டவை அப்படியே நிற்கின்றன. அவற்றை அவருக்காகக் கேட்கிறேன், என் பிழையை அவர் கணக்கில் வைக்க வேண்டாம். மூன்றாம் பத்தி தவறு. எங்களைக் கேட்டார்கள். நான் சொல்லவில்லை.

(கையொப்பம்)