உங்கள் பக்கத்துக் கதவு

அலுமாரியில் உங்கள் பக்கத்துக் கதவுக்கு நீலம் அடித்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் மவுத்தானதற்கு நான் இத்தாவில் உள்ளறைத் திரைக்குள் இருக்க, வீட்டு மண்டபத்தில் கூலிக்கு ஆள் பிடித்து அடித்து முடித்தார்கள். செய்தது அந்நியர் அல்ல; நம் மகளும் மருமகனும்.

பெயின்ட் மணம் திரைக்குள் வந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. எழும்பிப் போய்த் தடுக்க வழியில்லை. புருசன் மவுத்தாகி இத்தாவில் இருப்பவள் அந்நிய ஆணின் முன் வரலாகாது. "என்ன கா செய்றீங்க அங்க? நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். மகள் வந்து திரையை விலக்கி, "சத்தம் போடாதீங்க உம்மா. எல்லாம் உங்கட ஆசைக்குத்தான்" என்றாள். அவள் முகத்தில் சந்தோசம் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மவுத்தானவருக்கு யாசீன் ஓதுவார்கள், கடிதமும் எழுதுவார்களா என்று மகள் கேட்கிறாள். யாசீனும் ஓதுகிறேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல், சீனி சுற்றி வந்த பத்திரிகைத் துண்டுகளில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். படித்ததை யாருக்கு எழுதுவது என்பதை நானே தீர்மானிப்பேன்.

அந்த அலுமாரி மாட்டுக்கரத்தையில் வந்து இறங்கியது நினைவிருக்கிறதா? அணைக்கட்டு வேலைக்கு வந்த துரை ஒருவர் ஊர் திரும்பியபோது ஏலத்தில் எடுத்தீர்கள். கறுப்புப் பெயின்ட் பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. பின்கால் ஒன்றைக் கறையான் தின்றிருந்தது.

"இத அடுப்பெரிக்கவா வாங்கினீங்க?" என்றேன்.

"ஓம் புள்ள. எரிக்க முந்தி கொஞ்சம் தேய்ச்சுப் பாப்பம்."

கருவாட்டு வியாபாரியான உங்களுக்குக் கடையில் தேய்க்கும் கடதாசி வாங்க மனம் வருமா? காய்ந்த சுறாத்தோலைத் துண்டு துண்டாக நறுக்கி என் கையிலும் ஒன்றைத் தந்தீர்கள். உடைந்த போத்தல் ஓட்டால் நீங்கள் சுரண்ட, பின்னாலேயே நான் சுறாத்தோலால் தேய்த்து வந்தேன். அழிந்த காலுக்குப் பழைய தோணிப் பலகையில் ஒரு கால் செதுக்கிப் பூட்டினீர்கள். அந்தப் பெருநாளைக்கு என் புதுச் சேலையிலும் சுறா மணந்தது. ஆனால் கறுப்புப் போன இடத்தில் மஞ்சள் எழும்பி வந்தது. முதிரை மரம். கையால் அதைத் தடவிவிட்டு, நெல்லுக் குவியலைப் பார்க்கும் வயல்காரப் போடியாரைப் போல நின்றீர்கள்.

மேலே நீலம் அடிக்க வேண்டும் என்றேன். தோணிக்கு வாங்கிய நீலத்தில் மிச்சம் இருந்தது. நீங்கள் விடவில்லை. "மரத்துக்கு உடுப்புப் போடாத புள்ள. அதுக்கு வெக்கமில்ல."

"வெக்கம் கெட்ட சாமான என்ட வீட்டுக்குள்ள வெக்க ஏலா."

"வீடு உன்ட. அலுமாரி என்ட."

நீங்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம் இடப்பக்கக் கதவுக்கு அடித்துவிட்டேன். வலப்பக்கத்தைத் தொடுவதற்குள் வந்துவிட்டீர்கள். தொப்பியைக்கூடக் கழற்றாமல் அந்தக் கதவில் முதுகை வைத்துச் சாய்ந்தீர்கள். "இனி என்ட முதுகுக்குத்தான் நீ பெயின்ட் அடிக்கணும்!"

நான் விட்டுக்கொடுக்கவில்லை, நீங்களும் விடவில்லை. ஒரு கதவு நீலம், ஒரு கதவு மஞ்சள் என்று அது அப்படியே நின்றது. பார்க்க வந்த உங்கள் தங்கை, "என்ன மச்சி, அலுமாரிக்கு ஒரு கண்ணுல பூ விழுந்திரிக்கி?" என்று சிரித்தாள். "அது உன்ட மச்சிர கண்" என்றீர்கள். என் உடுப்பு நீலப் பக்கத்தில், நீங்கள் உடுத்தும் சாரமும் தொப்பியும் மஞ்சள் பக்கத்தில்.

நோயில் விழுந்த பிறகு அதற்கு நேரே பாய் போடச் சொன்னீர்கள். ஒருநாள் கஞ்சி குடித்துக்கொண்டே, "நான் மவுத்தானா முதல் வேலையா என்ட கதவுக்கு நீலம் அடிப்பாய், என்ன?" என்று கேட்டீர்கள். "ஓம், கட்டாயம் அடிப்பன்" என்றேன். இருவரும் சிரித்தோம். உங்களுக்குப் புரையேறியது. அப்போது பக்கத்தில் நின்ற மகள் அதை என் ஆசை என்றே எடுத்துக்கொண்டாள். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும் நிறைவேற்றியும்விட்டாள்.

அவளுக்கு எப்படி விளக்குவேன்? இந்த வீடு என் உம்மா எனக்குத் தந்தது. நாம் அதை மகளுக்குக் கொடுத்தோம். நம் ஊரில் ஆண் பிறந்த வீட்டை விட்டு வருகிறான், பெண்ணின் வீட்டில் இருக்கிறான், அங்கிருந்தே தூக்கிச் செல்லப்படுகிறான். இங்கே உங்களுடையது என்று நின்றது அந்த ஒரு கதவுதான். அதையும் என் நிறத்துக்கு மாற்றி, நான் வென்றுவிட்டேன் என்று என்னிடமே காட்டுகிறார்கள். சண்டை பிடிக்க ஆள் இல்லாத இடத்தில் என்ன வெற்றி?

ஆகவே சொல்லிவிட்டேன். உங்கள் பக்கத்து அலுமாரித் தட்டில் மருமகன் அடுக்கிய தன் சாரங்களை அவரே எடுக்க வேண்டும். சாய்ந்தமருதுக் கரையில் சுறாத்தோல் வாங்கி, அவரே காயவைத்துத் தர வேண்டும். கடைக் கடதாசி வேண்டாம். மிச்சப் பெயின்டைக் கூலிக்காரன் கொண்டுபோக வேண்டும். மகள் அழுவதை நிறுத்தி, போத்தல் ஓடு பொறுக்கிவைக்க வேண்டும். இடப்பக்கத்துப் பழைய நீலக் கதவில் யாரும் கை வைக்கக் கூடாது, அது என்னுடையது.

இத்தா முடிகிற அன்று, உங்கள் கதவைச் சுரண்டுவது நான். மஞ்சள் தெரியும்வரை தேய்ப்பதும் நான். நீலம்தான் வடிவு என்று உங்களிடம் சொல்லிச் சொல்லியே தேய்ப்பேன்.