பூதச் சண்டையை எந்த இடத்தில் வெட்டுவது

பலாபத்வல,
2025 ஒக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகன் றெக்சனுக்கு,

அம்மாவும் நானும் சுகம். நீயும் சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறோம். உங்கள் புதிய கேமின் சண்டைகளைக் காட்ட நீ அனுப்பிய வீடியோ கிடைத்தது. வெள்ளிக்கிழமை அதை உலகத்துக்கு வெளியிடப் போகிறீர்கள் என்றும், அதற்கு முன் என் அபிப்பிராயம் வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். மொன்றியலில் உன்னோடு இருபது பேர் வேலை செய்யும்போது, ஒரு கேம்கூட விளையாடாத எழுபத்து மூன்று வயதுக்காரனிடம் ஏன் கேட்கிறாய் என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனாலும் கேட்டுவிட்டாய். ஒழுங்காகப் பதில் சொல்வதுதான் முறை. பின்வரும் வரிசையில் எழுதுகிறேன்:

1. வீடியோவை எங்கே, எத்தனை தடவை பார்த்தேன்.
2. ஒரு சண்டையையாவது தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டாமல் காட்ட வேண்டும்.
3. மறைத்து வைத்திருக்கும் கோடுகளையும் இலக்கங்களையும் திரும்பப் போட வேண்டும்.
4. ஒரே எதிரியை இரண்டு விதமாக வெல்லலாம் என்பது தெரிய வேண்டும்.
5. வீரன் முழங்காலில் நின்று பூதத்திடம் அடி வாங்கும் நீண்ட இடத்தை வெட்டிவிட வேண்டும்.
6. 2003ஆம் ஆண்டு உன் குத்துச்சண்டை இறுதிப் போட்டியில் நான் செய்த ஒரு காரியம். இதை எழுதத் தைரியம் வருமா தெரியாது. வராவிட்டால் இந்தத் தாளைக் கிழித்துவிட்டு, வேறு தாளில் ஐந்தோடு நிறுத்திக்கொள்வேன்.

நம் போனின் திரை சிறியது. ஆகவே பஸீர் வீட்டுப் பெரிய ரீவியில் பார்த்தேன். மிளகுக் கடை பஸீரை உனக்கு ஞாபகம் இருக்கும். அவருடைய மகள் ஜஸ்லா இப்போது பல்லேபொலயில் அரசாங்க வேலை செய்கிறாள். சனி ஞாயிறு முழுக்க இந்த மாதிரிக் கேம்கள்தான் விளையாடுகிறாளாம். அவள்தான் எனக்கு விளங்கப்படுத்தினாள். நான் ஸ்டொப் வொட்ச்சோடும் கொப்பியோடும் போய் உட்கார்ந்ததைப் பார்த்து பஸீர், “இன்ஸ்பெக்டர், முப்பது வருசமா என் தராசுல குறை பிடிச்சீங்க. இப்ப மகன்ட பூதத்தையும் நிறுக்க வந்துட்டீங்களா?” என்று சிரித்தார். நிறுவை அளவைப் பரிசோதகர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருடமாகிறது. இன்னும் அவருக்கு நான் இன்ஸ்பெக்டர்தான்.

இது சினிமா மாதிரி நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னேன். ஜஸ்லாவுக்கு அது பிடிக்கவில்லை. “சேர், சினிமா மாதிரி இருந்தா அதுதான் பிழை. இந்தக் கேம கையில எடுத்தா சண்டை எப்படி இருக்கும்னு பார்க்கத்தான் நாங்க இந்த வீடியோவத் தேடிப் பார்க்கறோம்” என்றாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் மிச்ச ஆறு தடவையும் பார்த்தேன். மொத்தம் ஏழு.

இரண்டாவது குறிப்பு. வீடியோ நான்கு நிமிடம் பன்னிரண்டு வினாடி. அதில் அறுபத்து மூன்று வெட்டுகள் எண்ணினேன், ஒன்றிரண்டு தவறியிருக்கலாம். பூதம் வரும் அந்த ஓர் இடத்தைத் தவிர, எந்தக் காட்சியும் நான்கு வினாடிக்கு மேல் நிற்கவில்லை. வாள் ஓங்கும்போது ஒரு பக்கத்திலிருந்து பார்க்கிறோம், விழும்போது வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறோம். அந்த வாள் எவ்வளவு தூரம் எட்டும், அவன் எத்தனை அடி முன்னால் வைத்தான் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கால் தெரியாத சண்டையை நான் நம்புவதில்லை. ஆகவே ஒரேயொரு சண்டையை எடுத்து, கமராவைச் சற்றுப் பின்னுக்கு வைத்து, எதிரி வருவது முதல் விழுவது வரை அப்படியே விடுங்கள். அதில் வீரன் ஒரு தடவை வீசித் தவறினாலும் பரவாயில்லை. தவறாமல் வீசுகிறவனைப் பார்த்தால், யாரோ ஒத்திகை பார்த்து எடுத்தது என்றுதான் நினைக்கத் தோன்றும்.

மூன்றாவது, வீரனின் உயிரையும் களைப்பையும் காட்டும் கோடுகளை அழகுக்காக எடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். இதில் எனக்குக் கொஞ்சம் உறுதி உண்டு. யட்டவத்தச் சந்தையில் ஒருவர் தராசின் முள் இருக்கும் பக்கத்தைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு வியாபாரம் செய்தார். நிறை சரியாகத்தான் இருந்தது, நானே சோதித்தேன். ஆனாலும் ஒருவரும் அவரை நம்பவில்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் அந்த வீரனுக்கு எவ்வளவு செலவாகிறது என்று தெரிந்தால்தான், அவன் வீசாமல் நிற்பதற்கும் ஓர் அர்த்தம் இருக்கும்.

இடையில் அம்மா கேட்கச் சொன்னவை. குளிருக்கு முன் அந்தத் தடித்த ஜக்கெட்டை வாங்கினாயா? ஷிரானி அக்காவின் மூத்தவளுக்குக் கோயிலில் முதல் நன்மைச் சடங்கு வைத்திருக்கிறார்கள், ஒரு வாழ்த்து அனுப்பு. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுக்கும்வரை பூசை உடுப்பைக்கூட மாற்றாமல் இருப்பதும் பழையபடியே.

நான்காவது குறிப்பு ஜஸ்லாவுடையது, என்னுடையதல்ல. வீடியோவில் எல்லா எதிரிகளையும் வாளாலேயே வெட்டுகிறான். பக்கத்தில் நிற்கும் மருந்துக்காரப் பெண் என்ன செய்கிறாள் என்றே தெரியவில்லை. இந்த வகைக் கேமில் ஆள் யார், என்ன கற்றவன் என்று விளையாடுகிறவரே தீர்மானிப்பாராம். அப்படியானால் ஒரே எதிரியை ஒரு தடவை வாளாலும், இன்னொரு தடவை மந்திரத்தாலோ தந்திரத்தாலோ வெல்வதைக் காட்டினால்தானே அது விளங்கும்? ஜஸ்லா எந்தக் கேமிலும் நேரே சண்டைக்குப் போவதில்லையாம். “கேம்ல நான் வளக்குற ஓநாய அனுப்பிட்டு நான் பின்னால நிப்பேன் சேர்” என்றாள். பஸீர் உடனே, “வீட்டுலயும் அதுதான் நடக்குது. என்கிட்ட ஏதாவது கேக்கணும்னா உம்மாவ அனுப்பிட்டு இவ பின்னால நிப்பா” என்றார்.

ஐந்தாவது. மூன்றாம் நிமிடத்தில் வருகிற இடம். வீரன் ஒரு முழங்காலை ஊன்றிக் கேடயத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறான், பூதம் அடித்துக்கொண்டே இருக்கிறது. பதினொரு வினாடிக்கு அவன் ஒன்றுமே செய்வதில்லை. உன் ஆட்களில் பாதிப் பேர் அது அலுப்பு என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். “என் மனம் பதினொன்று சரி என்கிறது. ஆனால் என் எண்ணிக்கையை நான் நம்புவதில்லை, அது உங்களுக்குத் தெரியும். நீங்கள் குத்துச்சண்டையில் நேரக் காப்பாளராக இருந்தவர், நீங்கள் சொல்லுங்கள்” என்றும் எழுதியிருந்தாய். என் அபிப்பிராயம், வெட்டிவிடுவது நல்லது. தங்கள் வீரன் அடி வாங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்க ஒருவரும் விரும்பமாட்டார்கள். முதல் அடி விழுந்ததும் திரையை இருட்டாக்கி, கேமின் பெயரைப் போட்டுவிடலாம்.

இன்றைக்கு இவ்வளவுதான். ஆறாவதை இன்று எழுத முடியவில்லை.

புதன்கிழமை, காலை.

மகன், இன்று ஏழு மணிக்கு ஜஸ்லா பஸ்ஸுக்குப் போகிற வழியில் நம் கேற்றடியில் நின்று, பூதத்தைப் பற்றி என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள். வெட்டச் சொன்னேன் என்றேன். “ஐயோ சேர்! சண்டைய வெட்டாமக் காட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க? அந்த வீடியோவில வெட்டாம இருக்கறதே அது ஒண்ணுதான்” என்றாள். அடி வாங்குவது நன்றாக இல்லையே என்று சொல்லிப் பார்த்தேன். அவள், “அந்த இடத்துல நீங்க என்ன பார்த்தீங்க சேர்?” என்றாள். பதினொரு வினாடி என்றேன். “ஏழு தடவையும் அந்த இடம் வரும்போது நீங்க வொட்ச்சதான் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. நான் கவனிச்சேன்” என்றாள்.

பஸ்ஸை விட்டுவிட்டு, தன் போனை என் கையில் தந்து பார்க்க வைத்தாள். பார்த்தேன். பூதம் ஒவ்வொரு தடவை அடித்த பிறகும் அதன் வலது தோள் முன்னையைவிடச் சற்றுத் தாழ்கிறது. வீரனின் கேடயம் ஆடுகிறது, கால் மட்டும் ஆடுவதில்லை. பதினோராவது வினாடியில் பூதத்துக்குக் கையைத் தூக்க ஒரு கணம் பிந்துகிறது. அந்த இடைவெளியில் அவன் கைக்குக் கீழே புகுந்துவிடுகிறான். “அவன் அடி வாங்கல சேர், எண்ணிக்கிட்டு இருக்கான். இந்தக் கேம்ல சண்டைன்னா இதுதான். இத வெட்டினா நான் எதுக்கு இத வாங்கணும்?” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடினாள்.

நான் கேற்றடியிலேயே நின்றேன். அம்மா தேத்தண்ணீர் ஆறுகிறது என்று இரண்டு தடவை கூப்பிட்டாள்.

ஆறாவதை எழுதுகிறேன். 2003. மூன்றாவது, கடைசிச் சுற்று. இரண்டு நிமிடச் சுற்று. நம் மாவட்டத்தில் சுற்று முடியப் பத்து வினாடி இருக்கும்போது நேரக் காப்பாளர் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவார், முடிந்ததும் மணி அடிப்பார். தராசுக்கு முத்திரை குத்துகிற ஆள், அரை வினாடிகூட ஏமாற்றமாட்டார் என்று சொல்லித்தான் என்னை அந்த மேசையில் உட்கார வைத்தார்கள். சொந்த மகனின் போட்டிக்கும் வேறு ஆள் தேவையில்லை என்றார்கள்.

நீ கயிற்றோரம் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாய். உன்னோடு மோதிய பிள்ளை அடித்துக்கொண்டே இருந்தான். உன் மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. அதற்குப் பிறகு நான் உன்னைப் பார்க்கவில்லை, வொட்ச்சைத்தான் பார்த்தேன். ஒரு நிமிடம் நாற்பத்தொன்பது வினாடி. கை பலகையில் தட்டும் கட்டைக்குத்தான் போனது. கட்டையை விட்டுவிட்டு மணியை அடித்தேன். தாளில் 2.00 என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். நடுவர்களில் இருவர் அவனுக்கும் ஒருவர் உனக்கும் புள்ளி போட்டார்கள்.

கை தவறிவிட்டது என்று இருபத்திரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லி வந்தேன். தவறவில்லை. இதைவிடச் சிறிய குறைக்கு நான் ஆட்களின் தராசுகளைப் பறிமுதல் செய்திருக்கிறேன்.

அது மட்டும் என்றால் பயந்தவன் செய்த காரியம் என்று விட்டுவிடலாம். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் நீ கேட்டாய், “அப்பா, இன்னும் பத்து பதினொரு செக்கன் இருந்திச்சே? அவன் கை எறங்கிருச்சு, நான் எண்ணிக்கிட்டுத்தானே இருந்தேன்” என்று. மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு, கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாய். அப்போது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, “நீ பிழையா எண்ணியிருக்க மகன்” என்பது. நீ அதை நம்பினாய். அப்பா சொன்னால் அது முத்திரை குத்தியது மாதிரித்தானே. அடுத்த நாள் கையுறைகளைப் பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, எனக்கு எண்ணத் தெரியாது என்று அம்மாவிடம் சொன்னாய். நான் அடுத்த அறையில் இருந்தேன்.

உன் கடிதத்தில் எண்ணிக்கையைப் பற்றிய அந்த வரியை வாசித்தபோதுதான், அதை நீ இன்னும் சுமந்துகொண்டிருக்கிறாய் என்று தெரிந்தது. அந்த வேலையைச் செய்துகொண்டே, மற்றவர்களின் அடிக்கு எத்தனை வினாடி என்று தீர்மானித்துக்கொண்டே, உன் எண்ணிக்கையை நீ நம்பாமல் இருக்கிறாய்.

றெக்சன், நீ சரியாகத்தான் எண்ணினாய். பதினொரு வினாடி மிச்சம் இருந்தது. வென்றிருப்பாயா என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் உரிமையைத்தான் நான் எடுத்துவிட்டேன்.

இந்தத் தாள்களை நானே போனில் படம் பிடித்து இன்றைக்கே அனுப்புகிறேன், படம் பிடிக்க ஜஸ்லாவிடம் கொடுக்கவில்லை. அம்மாவுக்கு இது தெரியாது. வெள்ளிக்கு முன் சொல்லிவிடுவேன். உனக்கு என்மேல் கோபம் வந்தால் அது நியாயம். ஒன்று மட்டும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் எடுப்பதை நிறுத்திவிடாதே. நான் பக்கத்தில் இருக்கமாட்டேன், நீ கூப்பிட்டால் மட்டும் வருவேன். உன் கையும் கண்ணும் எண்ணும் எண்ணிக்கையும் ஆண்டவருடைய பாதுகாப்பில் இருக்கட்டும்.

மற்றக் குறிப்புகளை உன் ஆட்களோடு பேசி, வேண்டியதை எடுத்துக்கொள். ஐந்தாவது பிழை. அந்த இடத்தைப் பார்க்காமலே எழுதினேன். அதை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சா. ஞானரட்ணம்